கையை விட்டால்

கையை விட்டால் இடப்பக்கம் போகிறது.
வேறு குறை சொல்ல முடியாது.
ஏ.சி.கூட வரும், மணலி தாண்டினால்.

மூலக்கடையில் வாங்கித்தந்த கோதண்டம்
வந்து பார்க்கவில்லை, போனில் சொன்னார்:
"அலைன்மென்ட் பண்ணா சரியாப்பூடும்மா."
பண்ணினேன். அறுநூறு ரூபாய்.
எல்லா எண்ணும் பச்சையில் அச்சான
ஒரு தாளைக் கொடுத்தார்கள்.
தாள் நேராகத்தான் இருந்தது.

வீட்டில் சொன்னார், "நீ புடிக்கிறதே கோணல்."
ஒரு வாரம் நம்பினேன் அதையும்.
பிறகு மாவு வாளிகள்மேல் சந்தேகம்.
பின்சீட்டில் இடது நான்கு, வலது இரண்டு.
மாற்றி அடுக்கினேன்.
வாளியே இல்லாமல் வெறும் வண்டியை ஓட்டினேன்.
அதே பக்கம்தான்,
கடன் கொடுத்தவரை எதிரில் பார்த்த ஆள்
ஓரமாய் ஒதுங்குவதுபோல.

கொருக்குப்பேட்டை கேட் மூடியிருக்கும்போது மட்டும்
எந்தப் பக்கமும் இழுக்காது.
கூட்ஸ் போகும். ஐம்பத்திரண்டு பெட்டி.
வலது தோளைத் தேய்த்துக்கொள்ள அது போதும்.

கேட்டுக்கு அந்தப் பக்கம் ஏசுபாதத்தின் ஷெட்.
ஸ்பேனரைத் தொடாமல் கேட்டான்,
"எப்பக்கா இழுக்குது? பிரேக் அடிச்சாவா,
சும்மா போம்போதேவா?"
நாலு மாதமாய் ஓட்டுகிறேன்.
எனக்குத் தெரியவில்லை.
"ரெண்டும்தான்" என்றேன்.

காற்று பார்த்தான். இரண்டும் முப்பது.
முன் டயர்களை இடம் மாற்றிப் போட்டான்;
டயர் குற்றமென்றால் இழுப்பும் பக்கம் மாறணும்.
மாறவில்லை.

விடியற்காலை ஐந்து மணி, மணலி போகிற பழைய ரோடு.
"ரோடே லெப்ட்டுல சாஞ்சிருக்கும்க்கா, மழைத்தண்ணி வடிய.
ஆளில்லாதப்ப ரைட்டுப் பக்கம் ஏத்திப் பாரு."
ஏற்றினேன். எதிரே ஒரு நாய் மட்டும்
நான் செய்வது தப்பு என்று நின்று பார்த்தது.
சரிவு வலப்பக்கம். வண்டி இடப்பக்கம்.

ஷெட்டில் நிறுத்தியதும்
"வீலத் தொட்டுப் பாரு. பாத்துத் தொடு."
வலது, ஆறிப்போன டீ டம்ளர்.
இடது
தோசைக்கல்.

வாளி இறக்கி, சில்லறை எண்ணி,
இத்தனை நாளும் அந்தச் சக்கரத்தைச்
சுற்றிக்கொண்டுதான் நடந்திருக்கிறேன்.

ஜாக்கி ஏற்றிச் சுழற்றினான்.
வலது மூன்று சுற்று ஓடி நின்றது.
இடது அரைச் சுற்றில் முனகியது.
பெடலிலிருந்து நான் காலை எடுத்த பிறகும்
அது மட்டும் பிரேக் பிடித்தபடியே ஓடியிருக்கிறது.
காலிப்பர் பின்னைத் தட்டித் தட்டி உருவினால்
துருவோடு சாம்பல் நிறச் சேறு.
சந்தேகத்தில் மேட்டைக் கிளப்பிப் பார்த்தோம்:
அங்கேயும் அதே சேறு, காய்ந்து வெடித்து,
நடுவில் ஒரு ஸ்கூல் சட்டைப் பட்டன்.

"தண்ணில நின்ன வண்டிக்கா."
எந்த வருஷத்துத் தண்ணி என்று நான் கேட்கவில்லை.
எங்கள் பக்கம் வருஷம் சொல்வதில்லை,
சுவரில் எதுவரை என்று கையால் காட்டுவோம்.

கோதண்டத்துக்கு அடித்தேன். எடுக்கவில்லை.
பின், பேட், கிரீஸ், கூலி:
ஆயிரத்து எண்ணூறு. இருநூறு பாக்கி.
பட்டனை ஏனோ பர்ஸில் போட்டுக்கொண்டேன்.

மறுநாள் எண்ணூர் விரைவுச்சாலை. ஆறு வாளி.
ஐம்பதில் கையை விட்டேன்.
ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு.
நேராகப் போனது.
பிடித்தேன்.
பிடித்ததும் வலப்பக்கம் ஏறியது.

பின்னால் டிரெய்லர் ஹார்ன், வயிற்றுக்குள்.
தோள் இன்னும் இழுத்துக்கொண்டிருந்தது,
எதிர்ப்பக்கம் இழுக்க
ஒன்றும் இல்லையென்று அதற்கு யாரும் சொல்லவில்லை.
இடப்பக்கம் ஒடித்தேன்.
ஒரு வாளி மூடி கழன்று
வலது கதவெல்லாம் மாவு.
நாலு கிலோ இருக்கும்.